காற்றைக் குறைவாகக் கேட்ட கன்

வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்த பிறகும் என் போன் ஓய்ந்தபாடில்லை. பதுளையிலும் பண்டாரவளையிலும் புதுப் புது கராஜ்கள் முளைக்கின்றன. அங்கே பெயின்ட் அடிக்கிறவர்கள் எங்கிருந்தோ என் நம்பரைப் பிடித்துவிடுகிறார்கள். ஸ்ப்ரே கன்னின் படத்தை அனுப்பி, "அண்ணே, இது நல்லதா, அது நல்லதா?" என்று கேட்கிறார்கள். படத்தில் எல்லாக் கன்னும் அழகாகத்தான் இருக்கும். மாப்பிள்ளை போட்டோவும் அப்படித்தானே. நான் திருப்பிக் கேட்கிற முதல் கேள்வி, "உங்க கம்ப்ரெஸர் எவ்வளவு பெரிசு?" என்பது. பாதிப் பேர் அதற்குப் பிறகு பதில் போடுவதில்லை.

எனக்குக் கோபம் வருகிறது, மறைக்க மாட்டேன். கன்னைப் பார்த்துக் கன் வாங்கக் கூடாது. உன்னிடம் இருக்கிற காற்றைப் பார்த்து, பெயின்ட்டைப் பார்த்து, வண்டியைப் பார்த்து வாங்க வேண்டும். ஒரு சனிக்கிழமை மத்தியானம், ஒரு ஸ்கூல் வேனின் கதவுக்கு முன்னால் கன்னோடு நின்றபோது இது எனக்கு நன்றாக உறைத்தது. அன்று நடந்ததை எழுதிவிட்டால் போன் கொஞ்சம் ஓயும் என்ற நப்பாசையில் எழுதுகிறேன்.

நான் லுணுகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில் ஒன்றில், பிறந்தவன். காலையில் பெரட்டுக் களத்தில் போய் நின்று பேர் கொடுக்கிற வேலை எனக்கு ஒத்துவரவில்லை. பதுளைக்கு பஸ் ஏறினேன். காதர் நானாவின் கராஜில் சேர்ந்து, வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் தொட்டுத் தொட்டு லொறிகளைத் தேய்த்தேன். விரல் நுனியில் ரேகையே இல்லாமல் போன பிறகுதான் கன்னைத் தொடவிட்டார். பயிற்சிக் காலம் என்று சொல்ல இவ்வளவுதான்.

காதர் நானா பற்றிச் சொல்லியாக வேண்டும். முஸ்லிம்கள் அண்ணனை நானா என்பார்கள். கராஜில் நாங்கள் எல்லோருமே அவரை அப்படித்தான் கூப்பிட்டோம். அவர் சத்தம் போடும் ஆள் இல்லை. கோபம் ஏற ஏற அவர் குரல் இறங்கும். காது கொடுத்துக் கேட்க வேண்டிய அளவுக்கு இறங்கிவிட்டால், அன்று யாராவது அழுதுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள்.

பெயின்ட் அடிக்கும் முன் அவர் செய்கிறவற்றை ஒரு நாளும் மாற்றியதில்லை. முதலில் வண்டியை ஓட்டிப் பார்த்து பிரேக் பிடிப்பார். "பிரேக் இல்லாத வண்டிக்கு நான் பவுடர் பூச மாட்டேன்" என்பார். பிறகு தரை முழுவதும் தண்ணீர் தெளிக்கச் சொல்வார், தூசி எழாமல் இருக்க. பூச வேண்டிய இடத்தைத் தின்னரில் நனைத்த துணியால் ஒரு முறையும் காய்ந்த துணியால் ஒரு முறையும் துடைக்க வேண்டும். துடைத்த பிறகு அதன்மேல் யாருடைய விரலும் படக் கூடாது. கையில் உள்ள எண்ணெய்ப் பிசுக்கு கண்ணுக்குத் தெரியாது, பெயின்ட்டுக்குத் தெரியும். கடைசியாகக் காற்றுக் குழாயை ஒரு வெள்ளைத் தாளுக்கு நேரே பிடித்து ஊதுவார். தாளில் தண்ணீரோ எண்ணெயோ ஒரு புள்ளி விழுந்தாலும் அன்றைக்கு வேலை கிடையாது. அவர் கையில் கன் இருக்கும்போது ஒருவரும் பேசக் கூடாது, இருமக்கூடக் கூடாது.

அவருடைய கன் பழையது. குடுவை கீழே தொங்கும் வகை. பெரிய கம்ப்ரெஸரின் காற்றை வாங்கி, கீழேயிருந்து பெயின்ட்டை உறிஞ்சி மேலே எடுத்து வீசும். வீசுவதில் பாதி வண்டியில் ஒட்டும், மீதி காற்றோடு போய்விடும். குடுவையின் அடியில் மிஞ்சுவதை அதனால் உறிஞ்சவும் முடியாது. பெயின்ட் தாராளமாகக் கிடைத்த காலத்தில் அது யாருக்கும் குறையாகத் தெரியவில்லை. அந்தக் கன்னால் நானா அடித்த லொறிகளின் பளபளப்பில் நான் முகம் பார்த்துத் தலை சீவியிருக்கிறேன்.

பிறகு அந்தக் கஷ்ட வருடம் வந்தது. எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். மின்சாரம் இருந்த நேரத்தைவிட இல்லாத நேரம் அதிகம். பெற்றோலுக்கு வரிசை, தின்னருக்கு அலைச்சல், பெயின்ட் கடைகளில் காலித் தட்டுகள். அப்போதுதான் யோகராஜ் தன் வேனைக் கொண்டுவந்தான்.

யோகராஜ் எங்கள் பக்கத்துத் தோட்டத்து ஆள். லயத்துப் பிள்ளைகளை வேனில் ஏற்றி லுணுகலைப் பள்ளிக்கூடத்தில் இறக்குவதுதான் அவன் தொழில். மனைவி சந்திரகலா கொழுந்து எடுக்கிறவள். பனி மூடிய ஒரு காலையில், வளைவில் வேன் சறுக்கி மதிலில் இடதுபக்கமாக உரசிவிட்டது. பிள்ளைகள் ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. ஆனால் பெற்றவர்களின் மனதில் பயம் விழுந்துவிட்டது. பள்ளிக்கூடம் திங்கட்கிழமை மறுபடி திறக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் வேனைக் கொண்டுவந்து காட்டு, பார்த்துவிட்டுத்தான் பிள்ளைகளை அனுப்புவோம் என்று சொல்லிவிட்டார்கள். டவுனில் இருந்து இன்னொருவர் தன் வேனை விடத் தயாராகக் காத்திருந்தார்.

"அடிபட்ட தழும்போட போனா யாரு அண்ணே ஏத்துவாங்க?" என்றான் யோகராஜ் என்னிடம். "இது போச்சுன்னா எனக்கு வேற ஒண்ணும் தெரியாது. மலையில ஏறித் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டவும் இந்த இடுப்பு விடாது."

நானா வேனை வெளியே எடுத்துக்கொண்டு போய், சரிவில் பல முறை பிரேக் பிடித்துப் பார்த்தார். திரும்பி வந்து, "பிரேக் நல்லா ஈக்கி. தகரம் தட்டுங்க" என்றார். 'இருக்கு' அவர் வாயில் 'ஈக்கி' ஆகும். தகரம் தட்டி, பட்டி வைத்து, பிரைமர் அடித்துத் தேய்த்து முடிக்க வெள்ளிக்கிழமை ஆகிவிட்டது. இடதுபக்கம் முழுவதும் சாம்பல் நிறமாக நின்றது. இனி வெள்ளை அடிக்க வேண்டும்.

இங்கேதான் முடிச்சு விழுந்தது. சனிக்கிழமை பகல் முழுவதும் மின்சாரம் கிடையாது. யோகராஜ் எங்கேயோ கெஞ்சி ஒரு சின்ன ஜெனரேட்டரும் ஒரு போத்தல் பெற்றோலும் கொண்டுவருவதாகச் சொன்னான். அந்த ஜெனரேட்டர் எங்கள் பெரிய கம்ப்ரெஸரைத் தூக்காது. டயருக்குக் காற்றடிக்கிற சின்னதைத்தான் ஓட்டும். வெள்ளைப் பெயின்ட் பதுளை முழுவதும் தேடியும் ஒரே ஒரு டின்தான் கிடைத்தது, அதுவும் சிறியது. நானாவின் கன்னால் அடித்தால் சின்னக் கம்ப்ரெஸர் பாதியில் மூச்சு வாங்கும். மூச்சு வாங்காவிட்டாலும் பெயின்ட் பாதிக் கதவோடு தீர்ந்துவிடும்.

"வேற கன் வேணும் நானா" என்றேன்.

அவர் குரல் ஒரு படி இறங்கியது. "என்ட கன்னுக்கு என்ன?"

"உங்க கன்னுக்கு ஒண்ணுமில்ல நானா. அதுக்குக் குடுக்க நம்மகிட்ட காத்து இல்ல."

அவர் வெகுநேரம் தன் கன்னையே துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு, "உங்கட கையில விடுறேன். பிழையாப் போனா வேன் அவன்ட, பேரு என்ட" என்றார்.

கடைவீதியில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் மூன்று கன்கள் மீதம் இருந்தன. மூன்றிலும் குடுவை மேலே. கடைக்காரர் முதலில் எடுத்து வைத்தது தங்கநிறப் பூச்சுப் போட்ட ஒன்று. கையில் எடுத்தாலே வைக்க மனம் வராது. பெட்டியைத் திருப்பி, அது எவ்வளவு காற்றுக் கேட்கிறது என்று பார்த்தேன். எங்கள் பெரிய கம்ப்ரெஸரே திணறும். மனதில்லாமல் வைத்துவிட்டேன். இரண்டாவதின் மூக்குத் துவாரம் பெரியது, பிரைமருக்கு நல்லது, வெள்ளைப் பூச்சுக்கு ஆகாது. மூன்றாவது பார்க்கச் சுமார். மூக்குத் துவாரம் ஒன்று தசம் மூன்று மில்லிமீட்டர், காற்றும் கொஞ்சம் போதும் என்று போட்டிருந்தது.

பெட்டி என்ன வேண்டுமானாலும் சொல்லும். கடையில் மின்சாரம் வரும் வரை காத்திருந்தேன். கன்னைக் கழற்றி ஊசியைக் கண்ணாடி மேல் உருட்டிப் பார்த்தேன், நேராக உருண்டது. மூக்கை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தேன், துவாரத்தில் பிசிர் இல்லை. குடுவையில் தண்ணீர் ஊற்றி, அவர்களுடைய சின்னக் கம்ப்ரெஸரில் மாட்டி, ஒரு அட்டையில் அடித்தேன். ஈரம் மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக, நீள முட்டை மாதிரி விழுந்தது. ஒரு பக்கம் கனத்தாலோ நடுவில் பிளந்தாலோ அந்தக் கன்னை எடுக்கக் கூடாது. விசையை விடாமல் பிடித்துக்கொண்டு கம்ப்ரெஸரின் முள்ளைப் பார்த்தேன். கொஞ்சம் இறங்கி, அங்கேயே நின்றது.

"அழகானத விட்டுட்டு அவலட்சணத்த எடுக்கிறீங்களே" என்றார் கடைக்காரர்.

"என் கம்ப்ரெஸருக்கு ஏத்த சோடி இதுதாங்க" என்றேன்.

சனிக்கிழமை வந்தது. ஊவாப் பக்கத்துக் காற்று காலையிலிருந்தே தகரக் கூரையை ஆட்டிக்கொண்டிருந்தது. கராஜின் கதவுகளைச் சாத்தி, தரையை நனைத்து, இடதுபக்கம் முழுவதையும் இரண்டு முறை துடைத்து முடித்தேன். சாப்பிட்டுவிட்டு வந்து பெயின்ட் கலப்பது என்று முடிவு. ஹார்ட்னர் கலந்துவிட்டால் பிறகு நிற்கக் கூடாது. பெயின்ட் குடுவையிலேயே இறுகத் தொடங்கும்.

சந்திரகலா காலையிலேயே தோட்டத்திலிருந்து வந்திருந்தாள். எங்களுக்கும் சேர்த்துச் சோறு கட்டிக்கொண்டு வந்திருந்தாள். யோகராஜ் அவள் மேல் எரிந்து விழுந்தான். "உன்னைய யாரு இங்க வரச் சொன்னா? இதுலயும் ஒரு கோணல் வந்துச்சுன்னா நான் மனுசனா இருக்க மாட்டேன்." அவள் பார்சலைப் பக்கத்து அறையில் பிரித்து வைத்துவிட்டு வெளியே போய் டயர் மேல் உட்கார்ந்தாள். அவன் கெட்டவன் இல்லை. பல நாள் தூக்கமில்லாதவன், அவ்வளவுதான்.

சாப்பிட்டு முடித்துப் பெயின்ட்டைக் கலந்தேன். நானா வெள்ளைத் தாளில் காற்றை ஊதிப் பார்த்தார். தாள் சுத்தம். யோகராஜ் ஜெனரேட்டர் பக்கத்தில் குந்திக்கொண்டான். நான் முகமூடியைப் போட்டுக்கொண்டு முன்பக்கத்தில் தொடங்கினேன்.

கன் சொன்ன சொல் தவறவில்லை. ஒரு சாண் தூரத்தில் பிடித்து, கையை வளைக்காமல் நேரே இழுத்தேன். வெள்ளை மெல்லிய திரையாக விழுந்து ஒட்டியது. காற்றில் பறந்த புகை குறைவு. குடுவையில் பெயின்ட் இறங்குவது தெரியவே இல்லை. முன்கதவு, பிள்ளைகள் ஏறும் சறுக்குக் கதவு, பின்பக்கம் என்று போய்விட்டு, இரண்டாம் முறைக்குத் திரும்பினேன்.

சறுக்குக் கதவில் குழிகள் இருந்தன.

முதலில் ஊசிமுனை அளவில், பிறகு பச்சரிசி அளவில். அந்த இடங்களில் பெயின்ட் ஒட்டாமல் ஒதுங்கி ஒதுங்கி நின்றது, நடுவில் பிரைமரின் சாம்பல் நிறம் தெரிந்தது. எண்ணெய் பட்ட இடத்தில்தான் பெயின்ட் அப்படிப் பயந்து ஒதுங்கும். விசையிலிருந்து விரலை எடுத்தேன். புதுக் கன், சின்னக் கம்ப்ரெஸர், என் பிடிவாதம். எண்ணெய் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் எல்லோருடைய விரலும் என்னைத்தான் காட்டும். மிஞ்சியது ஒரு குடுவைப் பெயின்ட். இன்னொரு டின் இந்த ஊரில் இல்லை.

ஒரு அடி பக்கவாட்டில் நகர்ந்தேன். தகரத்து ஓட்டை வழியாக விழுந்த வெளிச்சம் கதவில் சாய்ந்து பட்டது. அப்போது பார்த்தேன். குழிகள் சும்மா சிதறிக் கிடக்கவில்லை. வெள்ளைக்கு நடுவே, கைப்பிடிக்குப் பக்கத்தில், இரண்டு உள்ளங்கைகள். பத்து விரல்களும் விரிந்து, சின்னக் கைகள், நெஞ்சு உயரத்தில்.

திரும்பினேன். பின்வாசல் இடுக்கில் சந்திரகலா நின்றாள். முந்தானைக்குள் இரண்டு கையையும் சுற்றி வைத்திருந்தாள். நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில் உள்ளே வந்திருக்கிறாள். தோட்டத்துக் கோயில் விளக்கிலிருந்து கொண்டுவந்த எண்ணெயைத் தொட்டு, பிள்ளைகள் ஏறுகிற கதவில் கை வைத்துக் கும்பிட்டிருக்கிறாள். எங்கள் ஊரில் யார்தான் செய்யமாட்டார்கள்? என் அம்மாவும் நான் முதல் நாள் ஏறிய பஸ்ஸைத் தொட்டுக் கும்பிட்டவள்தான்.

அவள் வாயைத் திறந்தாள். "அண்ணே, நான்..."

"நீங்க வெளிய போய் உக்காருங்க தங்கச்சி. மூக்கு எரியும், இங்க நிக்காதீங்க" என்றேன்.

"என்னாண்ணே?" என்று ஜெனரேட்டர் பக்கத்திலிருந்து யோகராஜ் எழுந்தான். அவன் முகத்தைப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால் என் கன் தப்பிக்கும். கதவை எப்படியும் துடைக்கத்தான் வேண்டும். ஆனால் அந்தப் பெண் இனி ஆயுசுக்கும் அந்த வீட்டில், வேனைக் கெடுத்தவளாக இருக்க வேண்டும். நாளைக்குப் பெற்றவர்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அந்தப் பழியும் அவள் தலையில்தான் விடியும்.

தின்னர்த் துணியை எடுத்து அந்த இரண்டு கைகளின் மேலும் வைத்து அழுத்தித் துடைத்தேன். வெள்ளை கரைந்து துணியோடு வந்தது. விரல்கள் போயின.

பின்னால் நானா நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியாது.

"என்ன அது?"

"எண்ணெய் நானா. லைன்ல எங்கயோ வந்திருக்கு."

அவர் என் கையிலிருந்து கன்னை வாங்கினார். குழாயைக் கழற்றினார். சட்டைப் பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, காற்றை நீளமாக ஊதினார். நான் எட்டிப் பார்த்தேன். தாள் வெள்ளையாகவே இருந்தது. அவர் தாளைப் பார்த்தார், துடைத்த கதவைப் பார்த்தார், பின்வாசல் பக்கம் ஒரு முறை பார்த்தார். யோகராஜ் கிட்டே வந்து நின்றான்.

நானாவின் குரல் இறங்கவில்லை. எல்லோருக்கும் கேட்கும்படி ஏறியது. "என்ட கம்ப்ரெஸர்லதான் எண்ணெய். பழசு. இந்தக் கன்னுலயும் இந்தப் புள்ளையிலயும் ஒரு குத்தமும் இல்ல. யோகராஜ், நீங்க போய் அந்த ஜெனரேட்டரப் பாருங்க." தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். என்னிடம், "எவ்வளவு பெயின்ட் ஈக்கி?" என்றார்.

"ஒரு குடுவை. கதவுக்குப் போதும், வீணாக்காம அடிச்சா."

"அப்ப வீணாக்காதீங்க."

கதவு முழுவதையும் கழுவித் துடைத்தோம். அவரும் ஒரு துணி எடுத்தார். அவர் துணி எடுத்து நான் பார்த்தது அன்றுதான். காயவிட்டு, மிச்சத்தைக் குடுவையில் வடித்து ஊற்றினேன். ஏற்கெனவே கெட்டியாகத் தொடங்கியிருந்தது. ஜெனரேட்டர் இரண்டு முறை விக்கியது. ஒவ்வொரு விக்கலுக்கும் என் விரல் விசையில் இறுகியது. யோகராஜ் போத்தலைத் தலைகீழாகப் பிடித்துக் கடைசிச் சொட்டை உள்ளே விட்டான்.

மேலிருந்து கீழே வந்தேன். கைப்பிடிப் பக்கம் வந்தபோது கிட்டே குனிந்து பார்த்தேன். பெயின்ட் ஒதுங்கவில்லை. ஒட்டியது. குடுவை மேலே இருந்ததால் அடியில் தங்காமல் கடைசிச் சொட்டு வரை இறங்கிக் கொடுத்தது. கதவின் அடிப்பகுதியில், படி மறைக்கிற இடத்துக்கு வந்தபோது கன்னிலிருந்து வெறும் காற்று மட்டும் வந்தது. அங்கே பூச்சு மெல்லியதுதான். இன்றைக்கும் குனிந்து பார்த்தால் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் யோகராஜ் எனக்குப் போன் பண்ணினான். "ஏத்துக்கிட்டாங்கண்ணே" என்றான். "ஒரு அக்கா அந்தக் கதவத் தெறந்து தெறந்து மூடிப் பார்த்துச்சு. அப்புறம் அவுங்க மகளக் கூட்டியாந்து ஏத்தி உக்கார வச்சுச்சு." அவன் அழுவது கேட்டது. நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். வேலைக்காக அழுததை வெட்கம் என்று நான் நினைப்பதில்லை.

சந்திரகலாவின் கைகளைப் பற்றி நான் யாரிடமும் பேசவில்லை. நானாவும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. பார்த்தாரா இல்லையா என்று மண்டையைக் குடைந்துகொண்டே இருந்தேன். சொன்ன பொய் என்னுடையது, ஆனால் பழியைச் சுமந்தது அவருடைய கம்ப்ரெஸர்.

இரண்டு வாரம் போயிருக்கும். பண்டாரவளையிலிருந்து மரக்கறி ஏற்றும் ஒரு லொறி வந்தது. அதன் சொந்தக்காரருடைய வீட்டார் எல்லோரும் வெளியே நின்றார்கள். பட்டி, பிரைமர் எல்லாம் முடிந்து, கடைசியாகத் துடைப்பதற்கு நான் துணியை எடுத்துக்கொண்டு தின்னர்ப் போத்தலின் மூடியைத் திருகினேன்.

"நில்லுங்க" என்றார் நானா.

வாசல் வரை போய், வெளியே நின்றவர்களைப் பார்த்துச் சொன்னார். "கும்பிடுறவங்க இருந்தா இப்ப வந்து தொட்டுக் கும்பிட்டுக்கோங்க. எண்ணெய், சந்தனம், என்ன வைக்கிறதா இருந்தாலும் வைங்க. நாங்க பொறகுதான் தொடைப்போம்."

திரும்பி வந்தவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து தண்ணீர் வாளியை எடுத்துத் தரையில் தெளிக்கத் தொடங்கினார். அந்த வீட்டார் ஒவ்வொருவராகச் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, லொறியின் மேல் கை வைத்து, கண்ணை மூடி நின்றார்கள். கடைசி ஆள் வெளியே போகும் வரை நான் துணியை நனைக்கவில்லை.